அக்கா வரைந்த பாதிப் பூ

அன்புள்ள உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

எங்கள் அக்கா இல்லாமல் ஓராண்டு ஓடிவிட்டது. இந்த நினைவு மலருக்கு அவருடைய வாழ்க்கையை யாராவது எழுத வேண்டும் என்று வீட்டில் பேச்சு வந்தபோது, மச்சான் என்னைக் கைகாட்டிவிட்டார். "நீதான் கூடப் பொறந்தவன். எனக்கு வயர் பிடிக்கத்தான் தெரியும், பேனா பிடிக்க வராது" என்றார். அவர் அக்காவின் கணவர், எலக்ட்ரீசியன். திருமங்கலத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் எனக்கும் அடுத்தவர் எழுதிய சீட்டைப் படித்துத்தான் பழக்கம். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எதையும் கூட்டிச் சொல்லவில்லை. கூட்டிச் சொன்னால் அக்காவுக்குப் பிடிக்காது.

அக்கா எழுமலைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தார். எங்கள் பெற்றோருக்குச் சொந்தமாக ஒரு குழி நிலமும் கிடையாது. நடவுக்கும் களையெடுப்புக்கும் அறுப்புக்கும் அடுத்தவர் வயலுக்குப் போய்த்தான் எங்களை வளர்த்தார்கள். அக்காவுக்குப் பிறவியிலேயே இடது கைப் பழக்கம். பள்ளியில் சேர்த்ததும் ஆசிரியர் முதல் வேலையாக அந்தக் கையைத் துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டிவிட்டு, வலது கையில் சிலேட்டுக் குச்சியைக் கொடுத்தார். செய்தி தெரிந்ததும் எங்கள் அம்மா வயலிலிருந்து சேற்றுக் காலோடு பள்ளிக்கூடத்துக்குப் போய் நின்றார்களாம்.

"சார், இவ இடது கையால நட்ட நாத்தும் பச்சையாத்தான் நிக்குது. எழுத்துக்கு மட்டும் எதுக்கு சார் கை பாக்குறீக?"

ஆசிரியர் துண்டை அவிழ்க்கவில்லை. பள்ளியில் வலது கை, வீட்டில் இடது கை என்று வளர்ந்ததில் அக்காவுக்கு இரண்டு கைகளுமே வரைய வந்துவிட்டன. கைக்கொரு கரித்துண்டைப் பிடித்துக்கொண்டு, ஒரு பானையின் இரண்டு பக்கங்களையும் ஒரே நேரத்தில் சுவரில் மேலிருந்து கீழாக இறக்குவார். அடியில் வந்து இரண்டு கரியும் முட்டிக்கொள்ளும். பானை ஒரு பக்கமும் சாய்ந்திருக்காது. சின்னப் பையனான நான் கைதட்டுவேன். அப்பா மட்டும், "சுண்ணாம்பு அடிச்ச சுவரு போச்சே" என்பார்.

உசிலம்பட்டியில் அரசு விடுதியில் தங்கிப் படித்து, ஓவியத்தில் லோயர், ஹையர் தேர்வுகளில் தேறி, ஆசிரியர் பயிற்சியும் முடித்தார். வேலைக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்த காலத்தில், திருமங்கலத்தில் போர்டு எழுதும் கடையொன்றில் சேர்ந்தார். ஒரு பெண் ஏணியில் ஏறி நின்று கடைப் பெயர் எழுதுவதைத் தெருவில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் உண்டு. அக்கா பெயரின் முதல் எழுத்தில் தொடங்க மாட்டார். பலகையின் நடுவைக் கண்டுபிடித்து, பெயரின் நடு எழுத்தை அங்கே வைத்துவிட்டு, இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டே போவார். கடைசி எழுத்தை நெருக்கிப் பிடித்து நுழைக்க வேண்டிய நிலை அவருக்கு வந்ததில்லை.

அப்படி ஒரு போர்டுக்கு மேலே டியூப்லைட் மாட்ட வந்தவர்தான் மச்சான். அவர் மாட்டி முடித்ததும் அக்கா கீழே நின்று பார்த்துவிட்டு, "லைட்டு இடது பக்கம் ஏறி இருக்கு" என்றாராம். அவர் உடனே கழற்றி மறுபடி மாட்டினாராம். "அன்னைக்குக் கழட்டுனவரு, இன்னிக்கு வரைக்கும் நான் சொல்லி மறுத்துப் பேசல" என்று அக்கா எங்களிடம் சொல்லிச் சிரிப்பார். இரு வீட்டாரும் பேசித் திருமணம் முடித்தோம்.

பிறகு மேலூருக்கு அருகே ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக வேலை கிடைத்தது. மதுரையில் மாட்டுத்தாவணிப் பக்கம் வீடு பார்த்துக் குடிவந்தார்கள். அந்தப் பள்ளிக்கு வந்த பிள்ளைகள் பெரும்பாலும் விவசாயக் கூலிகளின் பிள்ளைகள், கல் குவாரியில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள். ஓவிய வகுப்பு என்பது கால அட்டவணையில்தான் இருந்தது. பரீட்சை நெருங்கினால் கணக்குக்கும் அறிவியலுக்கும் போய்விடும். கணக்கு ஆசிரியர் இஸ்மாயில் சார் மதுரை டவுன்காரர்; பிள்ளைகள் தேற வேண்டுமே என்று உண்மையாகவே தவித்தவர். அவர் வந்து கேட்டதை அக்கா அவரைப் போலவே நடித்துக் காட்டுவார்.

"டீச்சர், பத்தாவது பிள்ளைக இன்னும் ரெடியாகல. ஒங்க பீரியடக் குடுத்துருங்க. படம் போடாட்டி ஒண்ணும் குடிமுழுகிப் போகாது."

"எந்தப் பாடம் சார் வரல?"

"வடிவியல்தான். ஒரு கோட்டுக்கு மையக்குத்துக்கோடு போடச் சொன்னா, கவராயத்தக் கையில வச்சுக்கிட்டு முழிக்கிறாக."

"அப்ப இந்த வாரம் பீரியட் எங்கிட்டயே இருக்கட்டும். அந்தக் கோட்ட நான் போட வைக்கிறேன். வரலைன்னா வருசம் பூராம் எடுத்துக்கங்க."

அக்கா வகுப்புக்குக் கவராயமே கொண்டுபோகவில்லை. மெல்லிய தாளைக் கொடுத்து, அதில் சாய்வாக ஒரு கோடு போட்டு, இரண்டு முனைகளிலும் மையால் புள்ளி வைக்கச் சொன்னார். பிறகு தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு புள்ளி மற்றொன்றின் மேல் சரியாக உட்காரும்படி மடிக்கச் சொன்னார். பிரித்துப் பார்த்தால் கோட்டின் நடுவே, செங்குத்தாக, ஒரு மடிப்பு. "அதுதான் மையக்குத்துக்கோடு. அது மேல எங்க ஒரு புள்ளி வச்சாலும் ரெண்டு முனைக்கும் ஒரே தூரம். நூல வச்சு அளந்து பாருங்க" என்றார். பிள்ளைகள் அளந்தார்கள். அதற்கப்புறம்தான் கவராயத்தை எடுக்கச் சொன்னார். கவராயம் போடும் இரண்டு வில்கள் எங்கே வெட்டும் என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. இஸ்மாயில் சார் மறுநாள் கரும்பலகையில் கோடு போட்டுவிட்டு யாரை அழைப்பது என்று பார்த்தபோது, எப்போதும் தலையைக் குனிந்துகொள்ளும் வரிசையிலிருந்து கைகள் உயர்ந்தன.

மையைத் தெளித்து மடித்துப் பட்டாம்பூச்சி எடுப்பது, கண்ணாடித் துண்டைத் தமிழ் எழுத்துகளின் நடுவே நிறுத்தி எந்த எழுத்து மாறாமல் நிற்கிறது என்று தேடுவது, இலையையும் பூவையும் சுழற்றிப் பார்ப்பது என்று அக்காவின் வகுப்பு வளர்ந்தது. உறவினர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் முடிவில் அந்தப் பள்ளிக்குத்தான் போய்ச் சேரும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒருமுறை அந்த அட்டைகளில் பக்கமும் கோணமும் சமமான ஐங்கோணங்களை வெட்டவைத்து, "இதையே டைல்ஸா வச்சுத் தரை முழுக்க இடைவெளி இல்லாம ஒட்டுங்க பாப்போம்" என்றார். சதுரம் ஒட்டியது, அறுகோணம் ஒட்டியது. ஐங்கோணம் மட்டும் ஒட்டவே இல்லை. ஒரு முனையில் மூன்றை வைத்தால் சந்து விழுந்தது. நான்கை வைத்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டது. வகுப்பில் ஒரே கூச்சல். சத்தம் கேட்டு வந்த இஸ்மாயில் சார் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏன் ஒட்டலைன்னு நான் சொல்லட்டுமா டீச்சர்?"

"சொல்லாதீக சார், கேளுங்க. அவுகளே சொல்லுவாக."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். ஒரு மூலையின் கோணத்தை அளக்கச் சொன்னார். நூற்றெட்டு பாகை. "ஒரு புள்ளியச் சுத்தி மொத்தம் எம்புட்டு?" "முந்நூத்தி அறுவது சார்." "நூத்தியெட்டு அதுல மிச்சமில்லாமப் போகுமா?" போகாது என்று ஒரு பெண் சொன்னாள். அவள் பெயர் பாண்டீஸ்வரி. குவாரித் தொழிலாளியின் மகள், எட்டாம் வகுப்பு. தலைமையாசிரியர் வந்து தரையெல்லாம் கிடந்த அட்டைத் துணுக்குகளைப் பார்த்துக் கோபித்துக்கொண்டபோது, கூட்டி அள்ளியவர்களில் இஸ்மாயில் சாரும் ஒருவர். அதன்பின் அக்காவும் அவரும் சேர்ந்தே பாடம் திட்டமிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் எல்லோரும் கணக்கில் தேறினார்கள் என்று எழுதினால் அது பொய். தோற்றவர்களும் இருந்தார்கள். ஆனால் கணக்குக்குப் பயந்து பள்ளியை விட்டு நின்றவர்கள் குறைந்தார்கள் என்று இஸ்மாயில் சார் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அக்காவிடம் குறையே இல்லையா என்றால், உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும் சாய்ந்திருக்கும் போட்டோவை நிமிர்த்தாமல் உட்கார மாட்டார். என் மகள் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் மேடைத் தோரணம் ஒரு பக்கம் தொங்குகிறது என்று மச்சானை ஏணியில் ஏற்றியதை நம் உறவில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இனி எழுதப்போவதுதான் கடினமான பகுதி.

பணி ஓய்வுக்குச் சில ஆண்டுகள் இருந்தபோது, ஒரு காலை வகுப்பில் அக்காவின் இடது கையிலிருந்து சாக்பீஸ் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவரால் நிமிர முடியவில்லை. இஸ்மாயில் சார்தான் காரில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுவந்து மருத்துவமனையில் சேர்த்தார். மூளையின் வலது பக்கம் இரத்தக் குழாயில் அடைப்பு. அதனால் உடம்பின் இடது பக்கம் விழுந்துவிட்டது. உயிருக்கு ஆபத்து நீங்கியது, பேச்சும் தெளிவாக இருந்தது. நாங்கள் ஆறுதல் அடைந்தோம். ஆனால் மூன்றாம் நாள் நான் உள்ளே போனபோது அக்கா கேட்டார்:

"தம்பி, அவரு எங்கடா? வந்ததுலருந்து ஆளையே காணோம்."

மச்சான் கட்டிலின் இடது பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

தட்டில் இட்லி வைத்தால் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, "இம்புட்டுத்தான் வச்சீகளா?" என்பார். தட்டைத் திருப்பி வைத்தால் மீதியைச் சாப்பிடுவார். மருத்துவர் எங்களை வெளியே அழைத்து விளக்கினார். கண்ணில் பழுதில்லை. ஆனால் இடது பக்கம் என்று ஒன்று இருக்கிறது என்ற எண்ணமே மூளையிலிருந்து போய்விட்டது. இல்லை என்பதே அவருக்குத் தெரியாது. அதைக் காட்டுவதற்காக ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்து, ஒரு பூ வரையச் சொன்னார். அக்கா வலது கையால் அழகாக வரைந்தார். நடுவே வட்டம், வலது பக்கம் நேர்த்தியான இதழ்கள், இடது பக்கம் வெறும் தாள். வாழ்நாள் முழுவதும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வரையக் கற்றுக்கொடுத்தவர் அதை நீட்டி, "போதுமா டாக்டர்?" என்று கேட்டார். மச்சான் எழுந்து வராண்டாவுக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அப்படித்தான். பாதிதான் இருக்கிறது என்று நாங்கள் சொன்னால் கோபப்பட்டார். "எனக்குப் பைத்தியம்னு நெனச்சீகளா? முழுசாத்தான் போட்டுருக்கேன்." இனி வேலைக்குப் போக முடியாது, விருப்ப ஓய்வு கொடுத்துவிடலாம் என்று பேச்சு நடந்தது. அக்கா அதைக் கேட்டும் கேட்காதவர் போலப் படுத்திருந்தார். சாப்பாடு குறைந்தது.

அப்போதுதான் பாண்டீஸ்வரி மேலூரிலிருந்து தன் அம்மாவோடு பஸ் ஏறி வந்தாள். அப்போது அவள் பத்தாம் வகுப்பு. அக்கா அவளுக்காக ஒரு பூவை வரைந்து கொடுத்தார். வாங்கிப் பார்த்தவள் எங்களைப் போலப் பதறவில்லை. அக்காவின் வலது பக்கம் போய் நின்றுகொண்டாள்.

"டீச்சர், இது ரெண்டு பக்கமும் சரியா இருக்கா?"

"இருக்கு. உனக்கென்ன சந்தேகம்?"

"சந்தேகம் வந்தா மடிச்சுப் பாருன்னு நீங்கதான டீச்சர் சொல்லுவீக?"

வட்டத்தின் நடு வழியாகத் தாளை மடித்தாள். ஜன்னல் பக்கம் போய், அக்காவின் கண்ணுக்கு எட்டும் இடத்தில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். "இந்த இதழுக்கு ஜோடி எது டீச்சர்? தொட்டுக் காட்டுங்க."

அக்கா தாளைக் கையில் வாங்கினார். வெளிச்சத்தில் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிரித்தார், மறுபடி மடித்தார். ஒரு இதழுக்கும் ஜோடி இல்லை. தாளை மடியில் வைத்துவிட்டு அழுதார். நோய் வந்த பிறகு அவர் அழுதது அன்றுதான். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"கண்ணு ஏமாத்துது. மடிப்பு ஏமாத்தாது. நான் மடிப்பத்தான் நம்பணும்."

அன்றிலிருந்து அக்கா தனக்குத் தானே ஆசிரியர் ஆனார். தினமும் ஒரு படம், ஒரு மடிப்பு. ஜோடியில்லாத இதழைத் தேடித் தேடித் தலையை இடது பக்கம் திருப்பப் பழகினார். பயிற்சி கொடுக்க வந்தவர், இடது ஓரத்தில் பளிச்சென்று ஏதாவது அடையாளம் வைத்து, அது கண்ணில் படும் வரை திரும்பிப் பார்க்கச் சொன்னார். மச்சானிடம் சிவப்பு இன்சுலேஷன் டேப் எப்போதும் இருக்கும். தட்டின் இடது ஓரம், கதவின் இடது நிலை, செய்தித்தாளின் இடது விளிம்பு, முகம் பார்க்கும் கண்ணாடி என்று வீடெல்லாம் ஒட்டிவிட்டார். தன் சட்டையிலும் தோள்பட்டையில் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டு இடது பக்கமாகவே உட்கார்ந்தார். "இப்பத் தெரியிதா?" என்பார். "டேப்பு தெரியிது. ஆளத்தான் தேடுறேன்" என்று அக்கா சிரிக்கும் அளவுக்குத் தேறினார்.

இடது கை மட்டும் திரும்பவில்லை. வலது கையால் எழுதிக்கொண்டே ஒருநாள் சொன்னார்: "சின்ன வயசுல கையக் கட்டிப்போட்ட வாத்தியாரு மேல எனக்கு ஆயுசு பூராம் கோவம்டா. போகட்டும், இன்னையோட விட்டுட்டேன்."

விடுப்பு முடிந்தபோது அவர் விருப்ப ஓய்வு கேட்கவில்லை, பள்ளிக்குப் போனார். தலைமையாசிரியர் தயங்கினார். ஒரு கை விழுந்தவர், பாதிக் கரும்பலகை தெரியாதவர் ஓவியம் எப்படிச் சொல்லிக்கொடுப்பார் என்பது அவர் கேள்வி. அதில் தவறில்லை. இஸ்மாயில் சார், "ஒரு வகுப்பு எடுக்கட்டும் சார். பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்றார். அன்று அக்காவை அழைத்துப் போனது நான்தான். எனவே கண்ணால் கண்டதை எழுதுகிறேன்.

பிள்ளைகள் கரும்பலகையின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை சிவப்புப் பெயிண்டில் கோடு இழுத்து வைத்திருந்தார்கள். அக்கா ஊன்றி வந்த தடியை மேசையில் சாய்த்துவிட்டு, பலகையின் நடுவே ஒரு நேர்கோடு போட்டு, அதன் வலது பக்கம் வரையத் தொடங்கினார். ஒரு ஹெட்லைட், பாதிக் கண்ணாடி, பாதிப் பெயர்ப்பலகை. நேராக வரும் டவுன் பஸ்ஸின் முகத்தில் சரிபாதி.

"என்னால இம்புட்டுத்தான் முடியும். மிச்சப் பாதி யார் போடுறீக?"

ஒருவர் மாற்றி ஒருவர் வந்து இடது பாதியைப் போட்டார்கள். நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று நூல் வைத்து அளந்து, அதே தூரத்தில் அந்தப் பக்கம் புள்ளி வைத்தார்கள். எங்காவது பிசகினால் மற்றவர்கள் கத்தினார்கள். அக்கா தலையைத் திருப்பி, சிவப்புக் கோடு தெரியும் வரை பார்த்து, ஒவ்வொரு புள்ளியையும் சரிபார்த்தார். பஸ் முழுசாக நின்றது. கடைசி வரிசையிலிருந்து ஒருவன் எழுந்தான்.

"டீச்சர், டிரைவர எங்க வைக்கிறது? நடுவுல வச்சா பஸ் ஓடாதே. ஒரு பக்கம் வச்சா சமச்சீர் போயிருமே!"

அக்கா யோசித்தார். எதிரே நின்று பார்க்கிறவருக்கு டிரைவர் இடது பக்கம்தான் இருப்பார்.

"டிரைவரு ஒங்க பாதியிலதான்டா இருக்காரு. எனக்குத் தெரிய மாட்டாரு. பாத்து ஓட்டச் சொல்லுங்க."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. வராண்டாவில் நின்றிருந்த தலைமையாசிரியரும் சிரித்துவிட்டார். வகுப்பு முடிவதற்கு முன்பே அவர் தன் அறைக்குத் திரும்பிப் போனார். அப்புறம் யாரும் ஓய்வைப் பற்றிப் பேசவில்லை. அக்கா முழுக் காலமும் பணிசெய்து, மாலை மரியாதையோடுதான் அந்தப் பள்ளியிலிருந்து இறங்கினார்.

ஓய்வு பெற்ற பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக் கூடத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வெட்டிக்கொண்டும் மடித்துக்கொண்டும் இருப்பார்கள். சென்ற ஆண்டு மறுபடி அடைப்பு வந்தது. இந்த முறை அக்காவுக்கே தெரிந்திருந்தது. கோயம்புத்தூரிலிருந்து வந்த தன் மகளையும் மச்சானையும் என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதைக் குழறாமல் சொன்னார். வலியின்றி, தூக்கத்திலேயே பிரிந்தார்.

மேலூர்ப் பக்கத்திலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்து கடைசிவரை நின்ற பழைய மாணவ மாணவியருக்கும், நோயில் முதல் நாள் தொட்டுத் துணையாக இருந்த இஸ்மாயில் சாருக்கும் அவர் குடும்பத்தாருக்கும், தினமும் பள்ளிக்குக் கைத்தாங்கலாக ஏற்றி இறக்கிய ஆட்டோத் தம்பிக்கும், பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இப்போது மேலூரில் தையற்கடை வைத்திருக்கும் பாண்டீஸ்வரிக்கு நன்றி என்ற சொல் போதாது. மச்சானுக்கு நன்றி சொன்னால் அவர் என்னைத் திட்டுவார், ஆகையால் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் பாக்கி. அக்காவின் அலமாரி நிறைய வண்ணத் தாள்களும் அட்டைகளும் இருக்கின்றன. நினைவாகப் பூட்டிவைக்கலாம் என்று மருத்துவமனையில் மகள் சொன்னபோது அக்கா தலையசைத்து மறுத்தார். "தாள வச்சுப் பூசை பண்ணாதீக. பிள்ளைகளுக்குக் குடுத்துருங்க. தாள மட்டும் குடுத்தா பத்திரமா மடிச்சு வச்சுக்கும்ங்க. கத்திரிக்கோலையும் சேத்துக் குடுங்க" என்றார்.

ஆகவே ஆண்டு நினைவு நாளுக்கு வருகிறவர்கள் தயவுசெய்து உங்கள் வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். சாப்பாடு முடிந்ததும் அலமாரியைத் திறக்கிறோம். கூடம் முழுக்கக் குப்பையானாலும் பரவாயில்லை.